4.2 வாங்கினேன், 3.6 காட்டுகிறது

ரைசன் 5 3600 செயலி 2019 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. ஆறு கோர்கள், அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், பூஸ்டில் 4.2 வரை. அதை வாங்கி லினக்ஸ் நிறுவி, சிபியுபவர் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு முதல் நாளே மனம் சுணங்கியிருக்கும். 3.6, 2.8, 2.2 என்று மூன்றே படிகள்தான் தெரியும். காசு கொடுத்து வாங்கிய மிச்சம் 0.6 எங்கே?

அது எங்கும் போகவில்லை. அந்தப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். மூன்று படிகளும் தாய்ப்பலகையின் பயாஸ் எழுதிவைத்த அட்டவணையிலிருந்து வருபவை. ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் என்ற டிரைவர் அந்த அட்டவணையைப் படித்து, "மேல்படிக்குப் போ" என்று செயலியைக் கேட்டுக்கொள்கிறது. மேல்படியில் நின்றபடி 3.6-இல் ஓடுவதா, 4.1-இல் ஓடுவதா என்பதைச் செயலியே முடிவு செய்கிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தார் என்பது வேறு, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது வேறு. பட்டியலில் இருப்பது மிதித்த கணக்கு.

சக்கரத்தின் கணக்கும் செயலிக்குள்ளேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு கோரிலும் இரண்டு எண்ணிகள் உண்டு. எம்பெர்ஃப் என்பது மாறாத வேகத்தில், அதாவது அடிப்படை வேகத்தில், எண்ணிக்கொண்டே போகும். ஏபெர்ஃப் என்பது கோர் உண்மையில் துடிக்கும் வேகத்தில் எண்ணும். கோர் தூங்கும்போது இரண்டுமே நின்றுவிடும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு விழித்திருந்த காலத்தில் முதலாவது 36 லட்சம் கூடியிருந்து, இரண்டாவது 42 லட்சம் கூடியிருந்தால், விகிதத்தை 3.6-ஆல் பெருக்குங்கள்: 4.2. அட்டவணையையோ டிரைவரையோ நம்ப வேண்டிய தேவையே இல்லை.

டர்போஸ்டாட் என்ற கருவி இந்த எண்ணிகளைத்தான் படிக்கிறது. அதில் இரண்டு நெடுவரிசைகள் பலரைக் குழப்புகின்றன. ஒன்று மொத்த நேரத்துக்கான சராசரி, மற்றொன்று விழித்திருந்த நேரத்தின் வேகம். பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்து, அப்போது 4,200 மெகாஹெர்ட்ஸில் ஓடிய கோரின் சராசரி 420. இதைப் பார்த்துப் பதறி செயலியை மாற்றக் கிளம்ப வேண்டாம். அந்தக் கோர் நன்றாக ஓடிவிட்டு நன்றாகத் தூங்குகிறது.

வேகத்தைப் பார்ப்பதே வேகத்தை மாற்றிவிடும் என்பதும் உண்டு. ப்ராக் கோப்புறையின் சிபியுஇன்ஃபோ கோப்பை நொடிக்கொரு தரம் படித்துக்கொண்டிருந்தால், தூங்கும் கோர்களை எழுப்பிக் கேட்கும் நிலை பழைய கர்னல்களில் இருந்தது. எழுந்தவுடன் அது காட்டும் எண் எழுப்பியதால் வந்த எண். தூங்கும் கோருக்கு வேகம் என்று ஒன்று கிடையாது. அதற்கு நேரே தெரியும் எண் பழையதாகவோ அட்டவணை எண்ணாகவோ இருக்கலாம்.

கர்னலும் தவறும். 2021 பிப்ரவரியில் வந்த 5.11 பதிப்பில் ஏசிபிஐ-சிபியுஃப்ரீக் பூஸ்ட் உச்சத்தையும் கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கியது. அந்தக் கணக்குக்கு ஃபர்ம்வேர் தரும் செயல்திறன் அளவுகோல் ஆதாரம். சில ரைசன் தலைமுறைகளில் அந்த அளவுகோலின் உச்ச எண் வேறாக இருந்ததால் உச்ச வேகம் பிழையாக வந்தது. அதே ஆண்டிலேயே திருத்தினார்கள்.

காட்டும் எண்ணில் கோளாறு இல்லாமல் செயலியே மெதுவாக ஓடும் சமயமும் உண்டு. அப்போது தேட வேண்டிய இடங்கள் வேறு. சிஸ் கோப்புறையின் சிபியுஃப்ரீக் பகுதியில் பூஸ்ட் என்ற கோப்பில் 1 இருந்தால் பூஸ்ட் அனுமதிக்கப்பட்டிருக்கிறது, 0 என்றால் இல்லை. இன்டெல் பிஸ்டேட் டிரைவரிலோ கோப்பின் பெயரே நோ-டர்போ. அங்கே 1 என்றால் தடை. பழக்கத்தில் 1 எழுதிவிட்டு டர்போ வரவில்லையே என்று மணிக்கணக்கில் தேடுவது எளிதில் நேரக்கூடியது. பயாஸில் கோர் பெர்ஃபார்மன்ஸ் பூஸ்ட் அணைந்திருக்கலாம். மடிக்கணினி 400, 800 மெகாஹெர்ட்ஸில் முடங்கிக் கிடந்தால் முதலில் சார்ஜரைப் பாருங்கள். தனக்குத் தெரியாத சார்ஜரைச் செருகினால் வேகத்தை அடியோடு குறைத்துவிடும் மாடல்கள் பல. அந்த எண் பொய்யில்லை.

பூஸ்ட் என்பதே நிலையான வேகம் அல்ல. துடிப்பைக் கூட்டினால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறும். கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்கு ஆகும் வெப்பம் அதனால்தான் அவ்வளவு அதிகம். 2008 நவம்பரில் நெஹேலம் செயலிகளோடு டர்போ பூஸ்ட் வந்தபோதே இதுதான் ஏற்பாடு: பக்கத்துக் கோர்கள் சும்மா இருந்தால் மிச்சமாகும் மின்சாரத்தையும் குளிர்ச்சியையும் உழைக்கிற கோர் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே சோதனையையும் அப்படியே செய்ய வேண்டும். டாஸ்க்செட் கொண்டு கனமான வேலை ஒன்றை ஒரே கோரில் கட்டிப்போட்டு, பக்கத்தில் டர்போஸ்டாட்டை ஓடவிடுங்கள். விழித்திருந்த வேகம் 3.6-ஐத் தாண்டினால் பூஸ்ட் வேலை செய்கிறது. பிறகு ஆறு கோர்களின் பன்னிரண்டு இழைகளிலும் வேலையை ஏற்றுங்கள், எண் 4.2-க்குக் கீழே இறங்கி, கூலரின் திறனுக்கு ஏற்ற ஓரிடத்தில் நிற்கும். தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலும் 4.2 "வரை" என்றுதான் இருக்கிறது.