மூக்கில் ஒழுகுவது ஜலதோஷமா?

சென்னையில் ஒருவருக்கு மூளைக் கட்டி ஆபரேஷன் நடக்கிறது. பிழைத்துக்கொள்கிறார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிறார். வீட்டில் ஆரத்தி எடுக்கிறார்கள். உறவினர்கள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள்.

நாலைந்து நாள் போகிறது. ஒரு நாள் காலை, செருப்பை மாட்டக் குனிகிறார். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறது.

"பஸ் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. சளி பிடித்துவிட்டது" என்கிறாள் மனைவி. அடுப்பில் மிளகுக் கஷாயம் கொதிக்கிறது.

அது சளியாக இல்லாமல் இருக்கலாம். மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம்!

எந்தக் குடும்பத்திலும் இப்படி நடக்கக்கூடும். மூளை நீருக்கு மூக்கில் என்ன வேலை? மண்டை எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும்.

22 எலும்புகள்

மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. முகத்தையும் சேர்த்து 22 எலும்புகள். அவற்றில் 8 எலும்புகள் சேர்ந்து மூளைக்குப் பெட்டி கட்டியிருக்கின்றன. ரம்பப் பல் போலப் பல்லோடு பல் கோத்து அவை இணைந்திருக்கின்றன. கைக்குழந்தையின் உச்சியில் தொட்டால் மெத்தென்று இருக்கிறதே, அந்த உச்சிக்குழி இந்த இணைப்பு இன்னும் மூடாத இடம்தான். ஏறக்குறைய ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும்.

பெட்டியின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் அல்ல. பின்மண்டை கெட்டி. கண்ணுக்குப் பக்கத்திலுள்ள பொட்டு மெல்லியது. அதன் உட்புறமாக ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. 'பொட்டில் அறைந்தாற்போல' என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை!

எல்லாவற்றிலும் மெல்லியது மூக்குக்கு மேலே இருக்கும் எலும்பு. அதில் சல்லடை போலச் சிறு துளைகள். வாசனை அறியும் நரம்புகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. அதற்குச் சற்றுப் பின்னால் குதிரைச் சேணம் போல ஒரு குழி. பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி அதில் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுரப்பியில் கட்டி வந்தால், பெரும்பாலும் மூக்கு வழியாகவே போய் எடுக்கிறார்கள்.

பெட்டிக்குள் மூன்று சாமான்கள். மூளை, இரத்தம், நீர். மூளையின் எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நீர் சுமார் 150 மில்லி, ஒரு டம்ளர் கூட வராது. ஆனால் ஊற்றுப்போல நாள் முழுதும் சுரந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு சுமார் அரை லிட்டர் சுரந்து, பழைய நீர் இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

வயிற்றில் கட்டி வந்தால் வயிறு உப்பி இடம் கொடுக்கும். மண்டை கொடுக்காது. உள்ளே கட்டியோ இரத்தமோ வீக்கமோ கொஞ்சம் அதிகமானாலும், இருக்கிற மூளைதான் நசுங்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னும் அந்த ஆபத்து உண்டு. பின்னும் உண்டு.

தேரை குதித்தது!

அகத்தியர் கதை பலருக்கும் தெரியும். ஒருவருக்குத் தீராத தலைவலி. அகத்தியர் மண்டையைத் திறந்து பார்க்கிறார். மூளையில் ஒரு தேரை! எடுத்தால் மூளைக்குச் சேதம். சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொண்டுவந்து அருகில் வைக்கிறான். தேரை தண்ணீரில் குதிக்கிறது. தலைவலி போகிறது. சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வருகிறது.

கதையில் தேரை குதித்ததோடு எல்லாம் சுபம். உண்மை ஆபரேஷனில் அப்படி இல்லை.

1884 நவம்பர் 25. லண்டனில் 25 வயது வாலிபர் ஒருவருக்கு ஆபரேஷன். அவருக்கு இடது முகமும் இடது கையும் வெட்டி வெட்டி இழுத்தன. மூளையின் வலது பாதிதான் உடலின் இடது பக்கத்தை ஆட்டுவிக்கிறது. அதை வைத்தே கட்டி இருக்கும் இடத்தை டாக்டர் பென்னட் குறித்துக் கொடுத்தார். எக்ஸ்ரே கூட இல்லாத காலம் அது! டாக்டர் காட்லீ மண்டையைத் திறந்தார். சொன்ன இடத்தில் கட்டி இருந்தது. எடுத்துவிட்டார்.

வாலிபர் கண் விழித்தார். பேசினார். ஆனால் காயத்தில் கிருமி புகுந்துவிட்டது. சுமார் நான்கு வாரத்தில் இறந்துபோனார். கட்டி அவரைக் கொல்லவில்லை. கட்டி போன பிறகு வந்தது கொன்றது.

இரத்தக் கசிவும் அப்படியே பல உயிரைக் குடித்தது. அமெரிக்க டாக்டர் ஹார்வி குஷிங் 1911-ல் இரத்தக் குழாயைக் கவ்வச் சிறு வெள்ளிக் கவ்விகளைக் கொண்டுவந்தார். 1926-ல் மின்சாரக் கத்தியால் குழாயைச் சுட்டு அடைத்தார். அதற்குப் பிறகுதான் இந்த ஆபரேஷனுக்கு மற்ற டாக்டர்களுக்கும் தைரியம் வந்தது என்று சொல்லலாம்.

நம் நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதல். அடுத்த ஆண்டு சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 28! மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் 1971-ல்தான் லண்டனில் வந்தது. அதுவரை நோயாளியின் கை, கால், கண் அசைவைப் பார்த்தும் டாக்டர்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள்.

"பேர் என்ன? கையைத் தூக்குங்க!"

ஆபரேஷன் ஆன இரவில் நர்ஸ் அடிக்கடி வந்து எழுப்புவார். பேர் கேட்பார். கையைத் தூக்கச் சொல்வார். கண்ணில் டார்ச் அடிப்பார். "தூங்க விடமாட்டேன் என்கிறார்களே" என்று துணைக்கு வந்தவர்களுக்குக் கோபம் வரும். கோபப்படக் கூடாது. உள்ளே இரத்தம் கசிந்தால் பெரும்பாலும் முதல் நாளிலேயே கசியும். மூளை நசுங்கும்போது கண்ணுக்குப் போகும் நரம்பும் நசுங்குகிறது. கருவிழியின் நடுவிலுள்ள பாப்பா ஒரு கண்ணில் மட்டும் பெரிதாகிவிடும். டார்ச் வெளிச்சம் தேடுவது அதைத்தான்.

அடுத்த இரண்டு மூன்று நாளில் மூளை வீங்கலாம். வீக்கம் மிகுந்தால், திறந்த எலும்பைத் திரும்ப வைக்காமலே தோலைத் தைத்துவிடுவார்கள். எடுத்த எலும்பு வீணாகாது. குளிர்ப்பெட்டியில் வைப்பார்கள். அல்லது நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைப்பார்கள்! வீக்கம் வற்றிய பிறகு, சில வாரமோ சில மாதமோ கழித்து, எடுத்து மண்டையில் பொருத்துவார்கள். அதுவரை அந்தப் பக்கம் பள்ளமாக இருக்கும். அந்தப் பக்கம் படுக்கக் கூடாது, அடி படக் கூடாது.

இவை ஆஸ்பத்திரியிலேயே நடப்பவை. டாக்டர் பக்கத்தில் இருப்பார். வீட்டில் வருபவைதான் ஏமாற்றும்.

மூக்கு நீரைப் பார்ப்போம். அடி மண்டையில் அல்லது மூக்கு வழியாக ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது வரக்கூடும். தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். குனிந்தால் அதிகம் வரும். தொண்டையில் இறங்கினால் உப்புக் கரிக்கும். சளி காய்ந்தால் துணி மொரமொரப்பாகும்; இந்த நீர் காய்ந்தால் துணி அப்படியே இருக்கும் என்பது பழைய டாக்டர்களின் அடையாளம். சந்தேகம் என்றால் சோதனைச் சாலையில் பார்த்துச் சொல்வார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது. நீர் வெளியே வரும் வழியிலேயே கிருமி உள்ளே போகும். லண்டன் வாலிபரைக் கொன்றது போன்ற காய்ச்சல் இந்த வழியிலும் வரும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், தையலில் சீழோ நீரோ கசிந்தால், தலைவலி நாளுக்கு நாள் ஏறினால், வாந்தி வந்தால், எப்போதும் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், அன்றைக்கே போக வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலும் சொல்ல வேண்டும். படுத்தே கிடந்ததால் இரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை. பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டினாலும், ஒன்று நின்று இன்னொன்று வந்தாலும் ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில்தான் நல்ல குடும்பங்களும் தவறுகின்றன. "இப்போதுதான் நன்றாக இருக்கிறாரே" என்று நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் வலிப்பு வரும். வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்குப்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

எங்கே ஓடுவது?

திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து 160. ஆபரேஷன் செய்த டாக்டரிடம்தான் போவேன் என்று காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பது சரியல்ல. விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2010-ல் வந்தது. மூளை ஆபரேஷன் பிரிவு உள்ள ஜிப்மர், புதுச்சேரியில் இருக்கிறது. இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்சுக்குக் காசு இல்லை. போகும் வழியிலேயே சென்னை டாக்டரின் வார்டுக்குப் போன் செய்து சொல்லிவிடலாம்.

முதலில் பார்க்கிற டாக்டருக்கு நோயாளியைத் தெரியாது. என்ன கட்டி, எந்தப் பக்கம், எலும்பு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, என்ன மாத்திரை என்று எல்லாவற்றையும் கேட்பார். பதில் டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஸ்கேன் படத்திலும் இருக்கிறது. அவற்றை மாத்திரை அட்டையோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு, கதவுப் பக்கம் ஆணியில் மாட்டி வைத்தால், நடு இராத்திரியில் பீரோவைக் குடைய வேண்டியதில்லை.