வௌவாலின் குரலும் கரிசல் வாலிபரும்

வௌவால் என்றால் அபசகுனம் என்று முகஞ்சுளிப்பது நம்மவர் வழக்கம். அந்தப் பிராணியின் குரலை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறலாம் என்று சொன்னால், "வௌவாலைப் படித்தால் வயிறு நிரம்புமா?" என்று கேட்பவரே அதிகம். அக்கேள்வியை நாம் பரிகசிக்கவில்லை. வானம் பார்த்த பூமியாகிய கோவில்பட்டிச் சீமையில் வயிற்றுக் கேள்வியே முதற் கேள்வி. அதற்கு விடை உண்டு என்று காட்டவே இதனை எழுதத் துணிந்தோம்.

பூச்சி தின்னும் வௌவால் இருளில் வழி காண்பது காதினால். மனிதன் செவிக்கு எட்டாத கூரிய ஒலியை அது எழுப்புகிறது. எதிரில் உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு தூரத்தையும் திசையையும் அறிகிறது. காதை அடைத்தால் வௌவால் தடுமாறுகிறது என்பதை 1790-களிலேயே ஜூரினும் ஸ்பல்லன்ஸானியும் கண்டனர். ஆயினும் காரணம் விளங்க நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. 1938-இல் ஹார்வார்டு மாணவரான டொனால்ட் கிரிபின், பேராசிரியர் பியர்ஸின் கருவியைக் கொண்டு அவ்வொலியை முதன்முதல் பதிந்தறிந்தார். நிபுணர்கள் கைவிட்ட கேள்விக்கு ஒரு மாணவர் விடை கண்டார் என்பதை நம் வாலிபர்கள் மறத்தலாகாது.

இது அன்னிய நாட்டாருக்கே உரிய வித்தை என்று எண்ணுவோர் மதுரையைப் பார்க்கட்டும். மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் விலங்கு நடத்தை ஆராய்ச்சியை நிலைநாட்டினார். ஜெர்மானிய விஞ்ஞானி நோய்வைலரும் அங்கு வந்து நம்மவருடன் உழைத்தார். தென்னிந்திய வௌவால் இனங்கள் பலவற்றின் செவித்திறனை ஒப்பிட்ட ஆராய்ச்சி 1984-இல் வெளிவந்தது. மர உச்சிக்கு மேலே வேட்டையாடும் இனம் எது, இலைகளினூடே பறப்பது எது என்பதற்கேற்பக் குரலும் செவியும் வேறுபடுவதை இவ்வாராய்ச்சிகள் விளக்கின. ஹிப்போசிடரஸ் ஸ்பியோரிஸ் என்னும் சிறு வௌவாலின் குரல் வினாடிக்குச் சுமார் 1,30,000 அதிர்வுகள் உடையது. நம் செவியின் எல்லையோ 20,000.

தவளை முதலியவற்றைப் பிடித்துத் தின்னும் மெகாடெர்மா லைரா, இரையின் சலசலப்பைக் கேட்டே பாய்கிறது என்று மாரிமுத்துவும் நோய்வைலரும் 1987-இல் எழுதினர். எதிரொலியும் அதற்கு உதவுகிறது என்று 2000-இல் வேறு சோதனைகள் காட்டின. ஆகவே விவாதம் முடிந்துவிடவில்லை. புதிய ஆராய்ச்சியாளருக்கு இடமுண்டு.

இனி வயிற்றுக் கேள்விக்கு வருவோம். கரிசலில் பருத்தியைக் கெடுக்கும் காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி. அது இரவில் பறப்பது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் எட்டு கவுண்டிகளில், பருத்தியைக் காக்கும் வௌவால்களின் உழைப்பு ஆண்டுக்குச் சுமார் 7,40,000 டாலர் பெறும் என்று 2006-இல் கணித்தனர். நம் கரிசலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நாம் வாதிக்கவில்லை. இங்கே எந்த இனம் எந்தப் பூச்சியை எவ்வளவு தின்கிறது என்று இங்கேதான் கணக்கெடுக்க வேண்டும். அக்கணக்கு சம்சாரியின் மருந்துச் செலவைப் பற்றிய கணக்கன்றோ?

படிக்க வழியுண்டா எனில், உண்டு. ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் நெட் தேர்வில் தேறி இளநிலை ஆராய்ச்சி உதவி பெறுவோருக்கு, 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாயும் என்று நிர்ணயித்தார்கள். 2022-ஆம் ஆண்டு விதிப்படி டாக்டர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கே இது முடியும் என்பது பொய். சம்சாரி மகனுக்கும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் தாயின் மகளுக்கும் இது எட்டும் கனியே. எட்டும் என்று அவர்களிடம் சொல்வார்தாம் இல்லை.

அலட்சியத்தின் விலையை அறியாதவரல்லர் நாம். 1948-இல் மேகமலையில் பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண இனம் என்று பெயரிடப்பெற்றுப் பம்பாய்க் காட்சிசாலையில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து விஞ்ஞானி ஒருவரே அது உலகம் அறியாத இனம் என்று கண்டு, சாலிம் அலி பெயரைச் சூட்டினார். நம் மலையின் செல்வத்தை நமக்கு அறிவிக்க இருபத்துநான்கு ஆண்டுகள் பிடித்தன!

கரிசலிலும் காலம் காத்திராது. பாழுங்கிணறுகளும் பழைய மண்டபங்களும் கோயிற் குகைகளுமே இப்பிராணிகளின் வீடு. கிணற்றைத் தூர்க்கிறோம், திருப்பணியின்போது புகையிட்டு விரட்டுகிறோம். குழந்தைகள் விழாமல் காப்பது அவசியமே. அதற்குச் சுற்றுச்சுவரும் வேலியும் போதும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. சர்வகலாசாலைகள் கரிசல் வௌவால்களின் குரலைப் பதிந்து சேகரிக்க ஒரு கள நிலையம் காணட்டும். கல்லூரி ஆசிரியர்கள் நெட் தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்தட்டும். கிராமத்துத் தொண்டர்கள் கிணற்றைத் தூர்க்குமுன் ஒரு மாணவனை அழைத்து உள்ளே பார்க்கச் செய்யட்டும். நம் மண்ணைப் பற்றிய அறிவை நாமே தேடிக்கொள்ளாத வரை சுயராஜ்யம் முழுமை பெற்றதாகாது.