37,000 ரூபாய்க்காக ஐடி வேலையை விடலாமா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, போடிமெட்டு டீக்கடையில் என் சித்தி பையன் கேட்ட கேள்விதான் இது. சென்னையில் ஐடி வேலை, கைக்கு 70,000 ரூபாய், நாலே முக்கால் வருஷ சர்வீஸ். "அண்ணே, கோட்பாட்டுக் கணினியியலில் பிஎச்டி இடம் கிடைச்சிருக்கு. போகட்டுமா?"

ஒரு கணக்கைக் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாப் போட முடியும், ஒரு சாஃப்ட்வேர் தப்பு செய்யாதுன்னு நிரூபிக்க முடியுமா என்பதையெல்லாம் கணிதம் வழியா ஆராயும் துறை இது. தரமணி கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரி சென்னை கணிதவியல் கழகமும் இதில் பெயர் பெற்றவை. பிரான்ஸின் சிஎன்ஆர்எஸ் அமைப்போடு சேர்ந்து 'ரிலாக்ஸ்' என்ற கூட்டு ஆய்வகமும் இவங்களுக்கு உண்டு. பிஎச்டி மாணவர்கள் சில மாதம் பிரான்ஸில் ஆராய்ச்சி செய்ய, 2013-ல் அறிவிக்கப்பட்ட ராமன்–சார்பாக் கூட்டு ஃபெலோஷிப்பும் இருக்கு.

சரி, பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் ஜேஆர்எஃப் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ரெண்டு வருஷம் கழிச்சு 42,000. படிப்புக்கான உதவித்தொகை என்பதால் வரிவிலக்கு உண்டு. ஆனா பிஎஃப், கிராஜுவிட்டி, ஆபீஸ் மெடிக்கல் இன்சூரன்ஸ் எதுவும் கிடையாது. உண்மையான இழப்பு அங்கேதான்.

அவனுக்கு நான் சொன்னது நாலு விஷயம்.

1. இன்னும் மூணு மாசம் தள்ளிச் சேர முடியுமான்னு கேளு. அஞ்சு வருஷம் முடிஞ்சா, 40,000 பேசிக்குக் கிராஜுவிட்டி மட்டும் சுமார் 1.15 லட்சம் வரும்.

2. பிஎஃப் பணத்தைத் தொடாதே. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரியும் கட்டணும்.

3. ராஜினாமாவுக்கு முன்னாடியே அப்பா அம்மாவுக்குத் தனியா மெடிக்கல் பாலிசி எடு. பைக் லோனை முடி.

4. வெளிநாட்டு ஃபெலோஷிப் கிடைச்சா, டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் செலவு யாருடையது, பணம் முன்கூட்டியே வருமா, பில் கொடுத்த பிறகா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

பக்கத்தில் டீ குடிச்சிட்டிருந்த சித்தப்பாவுக்கு ஏலத்தோட்டம் இருக்கு. "ஏலம் வச்சா மூணாவது வருஷம்தான் காய் பார்ப்போம். அதுவரைக்கும் அரிசிக்கு வழி பண்ணிட்டுத்தானே செடி வைக்கிறோம்? போடா, ஆனா அதைப் பண்ணிட்டுப் போ"ன்னார்.

சிஏ படிச்ச எனக்கு அதுக்கு மேல சொல்ல எதுவும் இல்லை.