சுவரில் தலையை அழுத்தி நிற்கும் நாய்

1893ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவும் சகாக்களும் சில நாய்களுக்குக் கொடுமையான ஓர் அறுவையைச் செய்தார்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் பெரிய ரத்தக்குழாயை, கல்லீரலுக்குள் போகவிடாமல், இதயத்துக்குச் செல்லும் குழாயோடு நேராக இணைத்துவிட்டார்கள். பிழைத்த நாய்கள் இறைச்சி தின்றபோது தள்ளாடின, கண் தெரியாமல் தவித்தன, வலிப்பு வந்து விழுந்தன. கல்லீரல் வேலை செய்யாவிட்டால் மூளை கெடும் என்பதை அந்த நாய்களின் வேதனை காட்டிக்கொடுத்தது.

முக்கியக் குற்றவாளி அம்மோனியா. இறைச்சி, முட்டை போன்ற புரத உணவைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அது உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும், சிறுநீரில் போய்விடும். கெட்ட கல்லீரலால் முடியாது. மூளைக்குள் நுழையும் அம்மோனியாவை அங்குள்ள துணைச்செல்கள் குளூட்டமினாக மாற்றி, அதனாலேயே நீர் கோத்து வீங்குகின்றன. நாய் குறிக்கோளின்றிச் சுற்றிவரும், கூப்பிட்டால் திரும்பாது, சுவரில் தலையை அழுத்தியபடி நின்றுவிடும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் இப்படி நடந்தால் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியானால் காமாலையின் மஞ்சள் மூளையைக் கெடுக்காதா? அது பிலிருபின் என்ற நிறமி. பச்சிளங் குழந்தைகளின் மூளையில் அது படிந்து செல்களைக் கொல்வதுண்டு. வளர்ந்த நாய்களில் இது மிக அரிது என்றாலும், கடும் காமாலையில் நடந்திருப்பதாகப் பதிவுகள் உள்ளன. அப்படிச் செத்த நரம்புச் செல்கள் திரும்பி வரா. ஆனால் மஞ்சளை மட்டும் பார்த்து நோயை எடைபோடக் கூடாது. யார்க்‌ஷயர் டெரியர் போன்ற குட்டை இனங்களில் சில குட்டிகள், பாவ்லோவ் செய்ததைப் போன்ற குறுக்குக் குழாயோடு பிறக்கின்றன. அவற்றுக்குப் பெரும்பாலும் மஞ்சளே தெரியாது; மூளை மட்டும் தடுமாறும்.

எலிக்காய்ச்சல், தோட்டத்துச் சைகஸ் செடியின் விதை, சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், நாமே கொடுத்துவிடும் பாராசிட்டமால் எல்லாமே நாயின் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை. எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

அம்மோனியாவால் வரும் தடுமாற்றம் நேரத்தோடு பார்த்தால் பெரும்பாலும் தணியும். மனிதருக்கு மலச்சிக்கலுக்குத் தரும் லாக்டுலோஸ் சிரப்தான் இங்கும் மருந்து: பெருங்குடலை அமிலமாக்கி அம்மோனியாவை அங்கேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றும். அளவை மருத்துவர் சொல்லவேண்டும். பயந்துபோய்ப் புரதத்தை அடியோடு நிறுத்துவதும் ஆபத்து. பசித்த உடல் தன் தசையையே கரைத்து மேலும் அம்மோனியாவை உண்டாக்கும்.