முதல்வர் வேட்பாளரை எக்கணக்கில் எடைபோடுவது?

உள்ளூராட்சித் தேர்தல் ஒன்று அறிவிக்கப்பட்டதும் எமது வட்டாரங்களில் முதலில் எழும் வினா, அடுத்த மாநகர முதல்வர் யார் என்பதேயாகும். கடந்த சபையில் அங்கம் வகித்த ஒருவர் முதல்வர் வேட்பாளராக முன்னிறுத்தப்படும்போது, அவரது துண்டுப்பிரசுரத்தில் இரு பகுதிகள் இருக்கும். உறுப்பினராக இருந்து தாம் செய்தவை ஒன்று; முதல்வரானால் செய்யவிருப்பவை மற்றையது. அமிர்தகழியிலோ கல்லடியிலோ அதனை வாசிக்கும் வாக்காளர் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைச் சட்டத்திலிருந்தும் அண்மைக்கால அனுபவங்களிலிருந்தும் எடுத்து முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் உண்மையை மனதிற்கொள்ள வேண்டும். எமது நாட்டில் மாநகர முதல்வரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. வாக்குச்சீட்டில் கட்சிகள், சுயேச்சைக் குழுக்கள் ஆகியவற்றின் பெயரும் சின்னமுமே இருக்கின்றன. முதல்வர் வேட்பாளரின் பெயர் இல்லை. 2018ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் நடைமுறையில் உள்ள கலப்பு முறையின்படி, உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். சபையில் அரைவாசி இடங்களைப் பெறும் கட்சி தனது முதல்வரை நியமித்துக்கொள்ளலாம். எக்கட்சியும் அந்த அளவை எட்டாவிடின், உறுப்பினர்கள் கூடி வாக்களித்தே முதல்வரைத் தெரிவு செய்கின்றனர். அவ்வாக்கெடுப்பு பகிரங்கமானதா இரகசியமானதா என்பதையும் சபையே தீர்மானிக்கின்றது.

இதன் விளைவை 2025 ஜூன் மாதத்தில் கொழும்பு மாநகர சபையில் கண்டோம். 117 உறுப்பினர்களில் 48 பேரைக் கொண்டிருந்த தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார், இரகசிய வாக்கெடுப்பில் 61 வாக்குகளைப் பெற்று முதல்வரானார். எதிரணியின் ரிஸா சரூக்குக்கு 54 வாக்குகள் கிடைத்தன. எந்த உறுப்பினர் எப்பக்கம் வாக்களித்தார் என்பதை அவருக்கு வாக்களித்த மக்களே அறியார்.

மட்டக்களப்பின் வரலாறும் இதற்குத் துணையாகின்றது. 1994இன் பின்னர் 14 ஆண்டுகள் தேர்தலைக் காணாதிருந்த எமது மாநகரில், 2008 மார்ச் 10ஆம் திகதி துப்பாக்கிகளின் நிழலில் இடம்பெற்ற தேர்தலின் மூலம் சிவகீதா பிரபாகரன் முதல்வரானார். 2018இல் தியாகராஜா சரவணபவன், 2025இல் சிவம் பாக்கியநாதன் என இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த இருவர் அப்பதவிக்கு வந்தனர். 2018இல் அதிக இடங்களைப் பெற்ற அணிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. ஆகவே, ஏனையோரின் ஆதரவைத் திரட்டும் ஆற்றல் முதல்வர் பதவிக்கு இன்றியமையாத தகைமையாகிவிட்டது.

அந்த ஆற்றல் குன்றினால் நேர்வது யாது என்பதற்கு யாழ்ப்பாண மாநகர சபையின் 2018 - 2023 பதவிக்காலமே சிறந்த பாடமாகும். 45 உறுப்பினர் கொண்ட அச்சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 16, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 13, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 10 என இடங்கள் சிதறின. வட மாகாண சபையில் அங்கம் வகித்த இம்மானுவேல் ஆர்னோல்ட் முதல்வரானார். 2020 டிசம்பரில் அவரது வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட, சட்டப்படி பதவியை இழந்தார். அம்மாதம் 30ஆம் திகதி நடைபெற்ற தெரிவில் அதே சபையின் உறுப்பினரான வி. மணிவண்ணன் 21 வாக்குகளையும் ஆர்னோல்ட் 20 வாக்குகளையும் பெற்றனர். ஒரேயொரு வாக்கு ஒரு நகரின் தலைமையை மாற்றியது.

புதிய முதல்வர் நகரின் தூய்மையில் அக்கறை காட்டினார். குப்பை கொட்டுவோரைக் கண்காணிப்பதற்கென மாநகரக் காவல் அணியொன்றை அமைத்தார். அவ்வணியின் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்தது எனக் கூறி, 2021 ஏப்ரலில் பொலிஸார் அவரைக் கைதுசெய்தனர். பின்னர் பிணையில் விடுவிக்கப்பட்டார். குப்பை அகற்றுதல் மாநகர சபைக்கே உரிய பணியாக இருந்தும், அதனைச் செய்யும் வழியில் மத்திய அரசு எவ்வளவு எளிதாகக் குறுக்கிடலாம் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. 2022 டிசம்பரில் மணிவண்ணனின் வரவு செலவுத் திட்டமும் தோல்வியுற, அவர் பதவி விலகினார். 2023 ஜனவரியில் ஆர்னோல்ட் மீண்டும் வந்தார்; மார்ச் மாதத்தில் சபையின் காலமே முடிவுற்றது. வீதியும் வடிகாலும் வேண்டி வாக்களித்த மக்களுக்கு மூன்று முதல்வர் தெரிவுகளே மிஞ்சின என்று கூறினால் அது மிகையாகாது.

இலண்டன் மாநகரின் நிலை வேறு. 1994 முதல் 2006 வரை வொண்ட்ஸ்வேர்த் நகர சபையின் உறுப்பினராக இருந்த சாதிக் கான், 2016இல் மக்களின் நேரடி வாக்கினால் இலண்டன் மேயரானார். 2021இலும் 2024இலும் மீண்டும் தெரிவானார். அவரது வரவு செலவுத் திட்டத்தைத் திருத்துவதற்கு இலண்டன் பேரவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. எமது சபைகளிலோ சாதாரண பெரும்பான்மையே அதனைத் தோற்கடிக்கப் போதுமானது. எனினும், அத்தகைய வலுவுள்ள மேயரும் தமது அதிகார எல்லையை மீற முடியவில்லை. போக்குவரத்துக் கட்டணம் உயராது என்ற வாக்குறுதியின்படி பேருந்துக் கட்டணத்தையும் தமது நிர்வாகத்தின் கீழுள்ள தொடருந்துக் கட்டணத்தையும் நான்கு ஆண்டுகள் உயராது வைத்திருந்தார். ஆனால் தனியார் தொடருந்து நிறுவனங்களுடன் இணைந்த பயணச் சீட்டுகளின் விலை உயரவே செய்தது. அது அவரது கையில் இருக்கவில்லை.

எனவே, வாக்குறுதியை அதிகாரத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் அளவுகோலாகும். உள்வீதிகள், வடிகால்கள், தெருவிளக்குகள், சந்தை, நூலகம், மயானம், குப்பை அகற்றுதல், கட்டட அனுமதி ஆகியன மாநகர சபையின் பணிகள். குழாய்நீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும், பிரதான நெடுஞ்சாலைகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் உரியன. கல்லடியில் 1924ஆம் ஆண்டின் பழைய பாலத்திற்கு அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலம் எந்த முதல்வரின் சாதனையுமன்று. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்குத் திரளும் அடியார்கள் சென்ற பின்னர் அமிர்தகழி வீதிகள் எவ்வளவு விரைவில் துப்புரவாகின்றன, மாரியில் வெள்ளம் வாவிக்கு வடிந்தோடுகின்றதா என்பனவே முதல்வரிடம் நாம் கேட்கவேண்டிய கணக்கு.

இரண்டாவது அளவுகோல், சபையில் அவர் விட்டுச்சென்ற பதிவு. எத்தனை அமர்வுகளுக்குச் சமுகமளித்தார்? என்னென்ன பிரேரணைகளைக் கொண்டுவந்தார்? வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்திருப்பின் மாற்றுத் திட்டம் எதனை முன்வைத்தார்? இவை யாவும் கூட்டறிக்கையில் உள்ளன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அதனைக் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். துண்டுப்பிரசுரம் வேட்பாளரால் எழுதப்படுவது; கூட்டறிக்கை அவ்வாறன்று.

மூன்றாவது, தேர்தலுக்கு முன்னரே கேட்கப்பட வேண்டிய வினா: பெரும்பான்மை கிட்டாவிடின் யாருடன், எந்த உடன்பாட்டில் இணைவீர்? தமிழ், முஸ்லிம் மக்கள் அருகருகே வாழும் வாவிக்கரையில் இவ்வினா இரட்டிப்பு முக்கியத்துவம் உடையது. மட்டக்களப்பு மாநகரும் காத்தான்குடி நகரும் இரு சபைகளின் கீழ் இருந்தாலும், வடிகால் நீரும் குப்பையும் எல்லைக் கல்லை அறியா. ஒரு சமூகத்தின் வாக்கைத் திரட்டுவதற்காக மறு சமூகத்தின் மீது அச்சத்தை ஊட்டும் வேட்பாளர், நாளை சபையில் அவர்களின் ஆதரவைக் கோர எம்முகத்துடன் செல்வார்? கடந்த சபையில் இரு சமூக உறுப்பினர்களுடனும் இணைந்து ஒரு பிரேரணையையேனும் நிறைவேற்றியவர், அவ்வகையில் ஒருபடி மேலானவர் என்பதை மறுப்பதற்கில்லை.

2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவேண்டியிருந்த தேர்தல் நிதியின்மையைக் காரணங்காட்டிப் பிற்போடப்பட்டு, 2025 மே 6ஆம் திகதியே இடம்பெற்றது. அப்பிற்போடலினால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றியே எமது சபைகள் இயங்கின. அவ்வாறு மீளப் பெற்ற உரிமையைச் சின்னத்தின் மீதான பற்றுக்காகவோ சுவரொட்டியின் கவர்ச்சிக்காகவோ செலவிடலாகாது. இன்று சபையில் அமர்ந்திருப்போரில் ஒருவரே அடுத்த முறை முதல்வர் பதவிக்கு வாக்குக் கேட்டு வரக்கூடும். அவர்களின் கணக்கை இன்றிலிருந்தே எழுதி வைப்பது வாக்காளராகிய நம் கடமையாகும்.