குடவோலையும் பாலட்டும்

மாணவர்களே, எங்கள் உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபை வாரியங்களுக்குத் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அதுவே குடவோலை.

ஆங்கிலத்தில் 'பாலட்' என்றொரு சொல் உண்டு. 'வாக்குச்சீட்டு' என்று பொருள் சொல்லி நெட்டுருப் போடச் செய்வதே வழக்கம். நானும் பல்லாண்டு அவ்வாறே செய்தேன்; பிழைதான். இத்தாலிய மொழியில் அதன் மூலச்சொல் சிறு உருண்டையைக் குறிப்பது. வெனிஸ் நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அத்தகைய உருண்டைகள் வழங்கின. அவற்றை எடுத்துக் கொடுத்தவனும், வியப்பைப் பாருங்கள், ஒரு சிறுவனே! உருண்டை போயிற்று, அதன் பெயர் சீட்டுக்கும் வாக்களிப்புக்கும் ஆகிவந்தது. இன்று நாம் பொத்தானை அழுத்தும் மின்னணுக் கருவிக்கும் அப்பெயர் உண்டு.

இதனை 'மெட்டானமி' என்றதும் கிராமத்துப் பிள்ளைகள் மிரளுகின்றனர். நன்னூல் கற்றவர் மிரளலாமா? நம் ஆகுபெயர்தானே அது! 'தலைக்கு ஒரு பழம்' என்பதில் தலை ஆளைக் குறிக்கும் சினையாகுபெயர். அவர்கள் 'சினெக்டகி' என்பர். அவர்தம் கப்பல்களில் ஆட்களைக் 'கை' என்று எண்ணுவதும் அவ்வகையே. ஆயினும் ஒன்று: 'பாவை வந்தாள்' என்னும் உவமையாகுபெயரை அவர்கள் 'மெட்டஃபர்' என வேறாக்குவர். அவ்விடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும்.