கடற்கரையில் தொங்கிய 31 கல்யாண கவுன்கள்! - ஒரு சட்டத்தை வீழ்த்திய பெண்களின் கதை

2017 ஏப்ரல் மாதம். லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் கடற்கரைச் சாலை. மாலையானால் ஊரே காற்று வாங்க வரும் இடம். அங்கே பனைமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, 31 வெள்ளை கல்யாண கவுன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. கிட்டே போனால்தான் தெரியும், ஒவ்வொரு கவுனும் தூக்குக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

லேஸையும் காகிதத்தையும் கொண்டு அவற்றைச் செய்தவர் மிரேய் ஹொனேன் என்ற லெபனான் பெண் கலைஞர். ஏன் 31? ஒரு மாதத்தின் எந்த நாளிலும் ஒரு பெண்ணுக்கு இந்தக் கொடுமை நடக்கலாம் என்பதற்காக.

எந்தக் கொடுமை?

தாலி கட்டினால் தப்பிக்கலாம்!

லெபனானின் 1943-ம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 522 என்றொரு பிரிவு இருந்தது. பாலியல் வன்கொடுமை செய்தவன் பாதிக்கப்பட்ட பெண்ணையே திருமணம் செய்துகொண்டால், வழக்கும் தண்டனையும் அவனை விட்டுவிடும். பெண்ணின் வீட்டார் பலரும் இதற்குச் சம்மதித்தார்கள். காரணம், நமக்கும் பழக்கப்பட்டதுதான்: 'விஷயம் வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும், இனி இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?'

இந்தப் பிரிவை நீக்கச் சொல்லி 2016-ல் களமிறங்கியது 'அபாத்' என்ற பெண்ணுரிமை அமைப்பு. அவர்களின் முழக்கம், 'வெள்ளை உடை வன்கொடுமையை மூடி மறைக்காது.' அடிபட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணின் உடலில் சுற்றப்படும் கட்டுத்துணியே மெல்ல மெல்ல கல்யாண கவுனாக மாறும் குறும்படம் ஒன்றையும் வெளியிட்டார்கள். அந்த டிசம்பரில், ரத்தக்கறை போலச் சாயம் பூசிய மணமகள் உடையில் பெண்கள் அரசுக் கட்டடத்தின் முன்னால் நின்றார்கள். அடுத்து வந்ததுதான் கடற்கரைக் கவுன்கள்.

2017 ஆகஸ்ட் 16. லெபனான் நாடாளுமன்றம் 522-ம் பிரிவை நீக்கியது. ஆனால் வெற்றி முழுமையானதல்ல. 18 வயது நிரம்பாத பெண்கள் தொடர்பான சில குற்றங்களில், திருமணத்தைக் காட்டித் தப்பிக்கும் வழி வேறு பிரிவுகளில் மிச்சமிருந்தது. அதற்காகவும் குரல் எழுந்தது.

'முடியாது' என்ற 17 வயதுப் பெண்

இது அரபு நாடுகளின் பிரச்னை மட்டும்தானா? இல்லை. இத்தாலியிலும் இதே சட்டம் இருந்தது. 1965 டிசம்பர் 26 அன்று, சிசிலித் தீவின் அல்காமோ ஊரில் ஃபிராங்கா வியோலா என்ற 17 வயதுப் பெண், உறவு முறிந்துபோன முன்னாள் வருங்கால மாப்பிள்ளையாலேயே ஆள் வைத்துக் கடத்தப்பட்டார். எட்டு நாள்கள் அடைத்துவைக்கப்பட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 'அவனையே கட்டிக்கொள்' என்பதுதான் ஊர் சொன்ன தீர்வு.

ஃபிராங்கா மறுத்துவிட்டார். மானம் போனது தப்புச் செய்தவனுக்குத்தான், தனக்கு அல்ல என்பதில் உறுதியாக நின்றார். விவசாயியான அப்பா மகள் பக்கம் நின்றார். அவர்களின் திராட்சைத் தோட்டத்தை எரித்தார்கள், குடும்பம் மிரட்டப்பட்டது. ஆனாலும் வழக்கு நடந்தது, குற்றவாளி சிறை சென்றான். 1968-ல் ஃபிராங்கா தனக்குப் பிடித்தவரை மணந்தார். சட்டம் மாறத்தான் நாளானது: 1981-ல்தான் இத்தாலி அந்தப் பிரிவை நீக்கியது. 2014 மகளிர் தினத்தில் அந்நாட்டு அதிபர் ஃபிராங்காவுக்கு உயரிய விருதளித்துக் கௌரவித்தார்.

எல்லாப் பெண்களுக்கும் அப்படியொரு அப்பா வாய்ப்பதில்லை. மொராக்கோவில் 2012-ல், தன்னைச் சீரழித்தவனுக்கே மணமுடித்து வைக்கப்பட்ட 16 வயதுச் சிறுமி உயிரை மாய்த்துக்கொண்டார். நாடே கொந்தளித்தது. 2014-ல் அங்கு சட்டம் திருத்தப்பட்டது. 2017-ல் லெபனானுக்குச் சில வாரங்கள் முன்பு துனிசியாவும் ஜோர்டானும் இதேபோன்ற பிரிவுகளைக் கைவிட்டன.

நம் ஊரில்?

இந்தியச் சட்டத்தில் இப்படியொரு பிரிவு இல்லை. ஆனால் அந்த எண்ணம் இருக்கிறது. 'கெடுத்தவனே கட்டிக்கணும்' என்று தீர்ப்பு சொல்லும் பஞ்சாயத்துக் காட்சிக்குக் கைதட்டியவர்கள்தானே நாம்!

சினிமாவோடு நிற்கவில்லை. 2015 ஜூனில், பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு, பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்காக ஜாமீன் தந்தது சென்னை உயர் நீதிமன்றம். அந்தப் பெண் சமரசத்துக்கு மறுத்தார். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. ஜூலை 1 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருமணம் செய்துகொள்வதாகச் சொல்வதும் அதில் அடங்கும் என்று தெளிவாக்கியது. அடுத்த சில நாள்களில் உயர் நீதிமன்றமும் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஜாமீன் வழங்கும்போது சமரசமோ திருமணமோ செய்துகொள்ளச் சொல்லக்கூடாது என 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது.

தெரிந்துகொள்வோம்

* எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது.

* அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் உடனடி சிகிச்சை இலவசமாகத் தர வேண்டும்.

* பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். வாட்ஸ்அப் ஃபார்வேர்டு செய்பவர்கள் கவனிக்க.

* பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

சட்டத்தை மாற்ற இத்தாலிக்குப் பதினைந்து வருடங்கள் ஆயின. ஆனால் ஃபிராங்காவின் அப்பா சட்டம் மாறும்வரை காத்திருக்கவில்லை. நம் வீட்டுப் பெண்ணோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஒருநாள் நடுங்கியபடி நம்மிடம் வந்து பேச ஆரம்பித்தால், 'வெளியே சொல்லிடாதே' என்பது நம் முதல் வார்த்தையாக இருக்க வேண்டாம். 'உன்மேல் எந்தத் தப்பும் இல்லை, நான் இருக்கிறேன்' என்று சொல்வோம்.